இல்லாத காருக்கு ஒரு ஷெட்டு

என் வீட்டுக்காரருக்குக் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. ஆனாலும் கள்ளக்குறிச்சிக்கு வெளியே, கரும்பு வயலை அளந்து கல் நட்டு மனையாக்கி விற்ற இடத்தில் நாங்கள் ஒரு மனை வாங்கி வீட்டுக்குப் பிளான் போட்டபோது, அவர் முதலில் வரையச் சொன்னது கார் ஷெட்டைத்தான். சமையலறை மிச்சமிருந்த மூலையில் போய் ஒண்டிக்கொண்டது.

"காரு எங்கங்க?" என்றேன்.

"வரும்டி. வூடு வந்தா காரு தானா வரும்."

ஷெட்டு வரவேண்டிய இடத்தில் பழைய வயல் கிணறு ஒன்று இருந்தது. அதன் மேல் சாய்ந்தபடி ஒரு கருவேல மரம். மனை வாங்கும்போது அதில் காய்ந்த கூடு ஒன்றிரண்டு தொங்கியது, நாங்கள் சட்டை செய்யவில்லை. ஆடியில் போய்ப் பார்த்தால் மரம் முழுக்கத் தூக்கணாங்குருவிக் கூடுகள் தண்ணீருக்கு மேலே ஆடிக்கொண்டிருக்கின்றன. சுற்றியிருந்த மனைகளிலெல்லாம் மரத்தை வெட்டி மொட்டையடித்துவிட்டார்கள். குருவிகளும் வேறெங்கே போகும்? எங்கள் மனைக்குக் குடிவந்துவிட்டன.

ஆண் குருவி, பாவம், கூட்டைப் பாதி கட்டிவிட்டுச் சிறகை அடித்து அடித்துக் கூப்பிடும். பெண் குருவி வந்து உள்ளே புகுந்து பார்க்கும். பிடித்தால் இருக்கும். இல்லாவிட்டால் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிவிடும். எனக்கு அந்தப் பெண் குருவியை ரொம்பப் பிடித்துப்போனது.

"பாத்தீங்களா, அதுக்கும் சமையல்ரூம் சின்னதா இருந்திருக்கும்" என்றேன்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் கடைக்கால் தோண்ட நாள் குறித்தாயிற்று. அதற்குள் மரத்தைச் சாய்த்துக் கிணற்றை மூடவேண்டும் என்று ஜேசிபிக்கும் சொல்லிவைத்துவிட்டார். எனக்கும் வீடு வேண்டும்தான். சுவரில் ஆணி அடித்தால் சண்டைக்கு வருகிற வீட்டுக்கார அம்மாக்களோடு காலம் தள்ளி அலுத்துப்போயிருந்தேன். ஆனால் கூட்டுக்குள் குஞ்சுகள் கத்தத் தொடங்கியிருந்தன. குஞ்சு பறக்கிற வரைக்கும் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன், சண்டை போட்டேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன்.

"குருவிக்காக முகூர்த்தத்த தள்ளிப்போட்டா ஊரே சிரிக்கும்டி" என்றார்.

ஜேசிபி வந்தது. டிரைவருக்கு நெஞ்சைத் தொடுகிற தாடி. மரத்தடியில் வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்த்தவர், இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கினார்.

"சார், இத நான் தொடமாட்டங்க. எங்க வூட்ல மாசமா இருக்காங்க."

"அதுக்கு இன்னாப்பா?"

"மண்ணு வாரச் சொல்லுங்க, வார்றேன். பொண்டாட்டி மாசமா இருக்கும்போது மரம் சாய்க்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிகினே இருக்குது. இதுல குஞ்சு வேற கத்திகினு இருக்குது. நான் தாடிய சும்மாவா வளத்துகினு இருக்கேன்?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார். என்னுடைய இரண்டு பிரசவத்துக்கும் சவரம் பண்ணாமல், சாமியார் கணக்காக ஆபீசுக்குப் போய்வந்தவர் அவர். அப்போது கொல்லையில் ஒரு முருங்கைக் கிளையை ஒடிக்கக்கூட வெளியாளைத்தான் கூப்பிட்டார். இப்போது டிரைவரை எந்த முகத்தோடு திட்டுவார்? நான் சிரிப்பை அடக்கமாட்டாமல் கிணற்றுப் பக்கம் திரும்பி நின்றேன்.

வேறு வண்டிக்கு அலைந்து பார்த்தார். கேட்ட வண்டியெல்லாம் கல்வராயன் மலையில் ரோடு வேலைக்கு ஏறிப்போயிருந்தது. முகூர்த்தமோ நெருங்குகிறது. சமயம் பார்த்து நான் ஆரம்பித்தேன்.

"இல்லாத காருக்கு எடம் இருக்குது, இருக்கிற குருவிக்கு எடம் இல்லியா? ஷெட்ட வுட்டுட்டு வூட்ட மட்டும் கட்டுங்க."

"இப்போதைக்குத்தான். குஞ்சு பறந்ததும் ஷெட்டு வரும், சொல்லிட்டேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். பிளானைத் திருத்தும் சாக்கில் என் சமையலறையும் கொஞ்சம் அகலமானது. அதற்கும் நான்தான் காரணம் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

குறித்த நாளில் கடைக்கால் தோண்டினோம். கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டியவரும், மணல் லாரியைப் பின்பக்கமாக வரச் சொன்னவரும், மரத்தடியில் அடுப்பு மூட்டப்போன சித்தாளை விரட்டியவரும் அவரேதான். வேலையை மேற்பார்க்கப் போவதாகக் காலையிலேயே கிளம்புவார். நான் டீ எடுத்துக்கொண்டு போனால், கொத்தனாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மரத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

"சும்மா நெழலுக்கு உக்காந்துகினு இருக்கேன்" என்பார். கருவேல மரத்தில் என்ன பெரிய நிழல்!

சுவர் ஆள் உயரம் எழும்பியபோது டிரைவர் மறுபடியும் வண்டியோடு வந்தார். மழுமழுவென்று சவரம் செய்த முகம், கையில் லட்டு டப்பா.

"பொண்ணு பொறந்திருக்குதுங்க. இனிமே ஒண்ணும் தடையில்ல. மரத்த சாய்ச்சிரலாங்களா?"

என் வீட்டுக்காரர் மோவாயைத் தடவினார். கொஞ்ச நாளாகவே அவர் சவரம் பண்ணவில்லை. அலைச்சல், சோம்பல் என்று நானும் விட்டிருந்தேன். டிரைவர் அந்த நரைத்த தாடியைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, பேரன் எடுத்த என்னைப் பார்த்தார்.

"அட ச்சீ, போப்பா!" என்றேன்.

"அவ இல்லப்பா" என்று இவர் மரத்தின் பக்கம் கையை நீட்டினார். "மொதக் குஞ்சுங்கள்லாம் பறந்துடுச்சி. ஆனா அந்தக் கடேசிக் கூட்டுல மறுபடி முட்ட வெச்சிருக்குது. பொட்டக்குருவி உள்ள போனா லேசுல வெளிய வர்றதில்ல. இப்ப மரம் சாய்க்கக் கூடாது."

முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. டிரைவர் லட்டைக் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் மேல் எனக்கு அப்படி ஓர் ஆசை வந்ததேயில்லை. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தாடியை எடுக்கவே மாட்டார்.