மான் வயலுக்கு நான் வைத்த ஒரே வழி

சேலையூரில் மூன்று மாடி வீடு நான் கட்டியது. பேங்க் கடன் கிடையாது, மாமனார் பணம் கிடையாது. ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் கட்டிய வீடு அது. பொழிச்சலூரிலிருந்து காட்டாங்குளத்தூர் வரைக்கும் மனை போட்டு விற்றவர்களில் பாதிப் பேருடைய நிலத்தைச் சுற்றி நிற்கிற கம்பிவேலி என்னுடையது. குழி தோண்டியது, கல்லுக்கால் நட்டது, கம்பியை இழுத்து முறுக்கியது எல்லாம் முதல் பத்து வருஷம் இந்த இரண்டு கைதான். பிறகுதான் ஆள் வைத்தேன். பிறகு லாரி வாங்கினேன். மூன்று பெண்களையும் காலேஜ் வரைக்கும் படிக்க வைத்தேன். மூத்தவள் இப்போது கணக்கு டீச்சர். கையெழுத்தே கோணலாகப் போடுகிறவனுக்கு காண்ட்ராக்ட் எதற்கு என்று கேம்ப் ரோட்டில் சிரித்தவர்கள், தங்கள் வீட்டு கேட் சாய்ந்த அன்று என்னைத்தான் தேடி வந்தார்கள்.

இதோடு இன்னொன்றும் கட்டினேன். வண்டலூரைத் தாண்டி, ஒரு டிரஸ்ட்டுக்குச் சொந்தமான பழைய தோட்டத்துக்குள்ளே, புள்ளிமான்களுக்கென்று ஐம்பது சென்ட்டில் ஒரு தீவன வயல். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்துப் பிழையை மூத்தவள் திருத்துவாள். விஷயத்தில் கை வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் இருக்கும். தாம்பரம் முழுக்கத் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு சனங்கள் நின்ற காலம். அந்தத் தோட்டம் இருநூறு ஏக்கர், பெரும்பாகம் சீமைக்கருவேலம். நடுவில் இருந்த குட்டை வற்றி வெடித்துப் போயிற்று. உள்ளே நாற்பது சொச்சம் மான். தண்ணீருக்கும் பச்சைக்கும் அவை ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் போக ஆரம்பித்தன. ஒரே வாரத்தில் இரண்டு மான் பஸ்ஸில் அடிபட்டன. டிரஸ்ட் மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சுற்றிலும் வேலி போடச் சொன்னார். மற்றவன் மூன்று மாதம் கேட்டிருப்பான். நான் நாற்பது நாளில் முடித்தேன்.

முடித்த அன்று மேனேஜரிடம் சொன்னேன்.

"சார், இனிமே அதுங்க வெளிய போய் சாகாது. உள்ளயே சாவும்."

"என்னங்க, வேலை முடிச்ச அன்னைக்கே இப்படிச் சொல்றீங்க?"

"உள்ள இன்னா சார் கீது? முள்ளு கீது. அதுங்களுக்குன்னு ஒரு வயல் போடணும். மானை ஒரு இடத்துக்கு வரவைக்கிற வேலை எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு எப்படி அது தெரியும்?"

"வயசுல கத்துக்கினேன் சார்" என்று மட்டும் சொன்னேன்.

எங்கே கற்றேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். இருபது வயதில் மூட்டை தூக்கப் போன ரைஸ் மில்லின் முதலாளியிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. மான் வேட்டைக்கு இப்போது இருக்கிற தடைச் சட்டம் வராத காலம். செங்கல்பட்டுப் பக்கக் காடுகளுக்கு ஜீப்பில் போவோம். இரட்டைக்குழல் துப்பாக்கி, தோட்டா பெல்ட், ஐந்து செல் டார்ச், பரண் கட்டக் கயிறு, அரிவாள், ஒரு மூட்டை கல்லுப்பு. துப்பாக்கியை முதலாளி தூக்குவார். மற்றதெல்லாம் என் தோளில். அதிலே கனமானது உப்பு மூட்டைதான்.

சுடுவதற்கு ஒரு மாதம் முன்பே வேலை ஆரம்பித்துவிடும். ஓரிடத்தைச் சுத்தம் செய்து தட்டைப்பயறும் சோளமும் விதைப்போம். புற்றுமண்ணோடு உப்பைப் பிசைந்து கட்டை மரத்தடியில் புதைப்போம். மான் அதை மோப்பம் பிடித்து வந்து நக்கும். வெட்டிய முள்ளை மூன்று பக்கமும் கழுத்தளவுக்கு அடைப்பாகப் போட்டுவிட்டு, நாலாவது பக்கத்தில் மட்டும் ஒரு வாய் விடுவோம். அந்த வாய்க்கு எதிரே, காற்று நம் வாசனையை மான் பக்கம் கொண்டுபோகாத இடமாகப் பார்த்துப் பரண். உள்ளே வந்த மான் முதல் வெடிக்கு மிரண்டு, வந்த வழியாகவே திரும்பி ஓடும். துப்பாக்கிக்கு நேராக வரும். இரண்டாவது குழல் அதற்குத்தான்.

எந்த இடத்தில் என்ன விதைத்தால் வரும், எத்தனை நாளில் வரும், வாய் எத்தனை அகலம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் கொஞ்ச நாளில் முதலாளியைவிட எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவரே இதை நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். சட்டம் வந்ததும் அவர் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்தார். நான் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வேலி வேலைக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு முயலைக்கூட நான் தொட்டதில்லை.

டிரஸ்ட் தோட்டத்தில் அதே வேலையைத்தான் செய்தேன். வயலுக்குப் பின்வேலியை ஒட்டி ஒரு மேட்டைப் பார்த்து எடுத்தேன். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கினோம். தட்டைப்பயறு, சோளம், ஓரத்தில் வேலிமசால் என்கிற தீவனச் செடி. சிமெண்ட் தொட்டி கட்டி, தினம் காலையில் என் சொந்தச் செலவில் ஒரு டேங்கர் தண்ணீர் விட்டேன். உப்பும் புற்றுமண்ணும் நானே பிசைந்தேன். மூன்று பக்கமும் முள் அடைப்பு, ஒரு பக்கம் வாய், வாய்க்கு எதிரே பரண். டிரஸ்ட்டைப் பார்க்க வருகிற பெரிய மனிதர்கள் பரணில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று மேனேஜருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அந்தத் தோட்டத்துக்கு ஒரு வாட்ச்மேன் இருந்தார். பல்லாவரத்துப் பாய். என் வயதுதான். நான் வருவதற்கு முன்னால் அந்த மான்களுக்கு ஏதாவது கிடைத்தது என்றால் அவரால்தான். தாம்பரம் மார்க்கெட்டில் கழித்துப் போட்ட கோஸ் இலை, காலிஃப்ளவர் தழை எல்லாவற்றையும் சாக்கில் அடைத்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. மான்கள் அவருடைய சைக்கிள் செயின் சத்தத்துக்கு வரும். அதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

அடைப்பு போட்டு முடித்த அன்று பாய் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்னா காண்ட்ராக்டரே, ஒரே ஒரு வழிதான் வெச்சிகீற."

"ஆமா."

"பின்னாலயும் ஒண்ணு வுடேன். எதுனா வந்துச்சின்னா அதுங்க எங்க ஓடும்?"

"எது வரும்? சுத்தி வேலி போட்டவன் யாரு? நான்தானே?"

"உன் வேலி நல்ல வேலிதான், இல்லன்னு சொல்லல. ஊட்டுக்கே கொல்லப்பக்கம் ஒரு கதவு வெக்கிறோமே, அதான் கேட்டேன்."

"பாய், நீ கேட்டைத் தொறந்து மூடுற வேலையப் பாரு. காட்டுக்குக் கதவு வெக்கிறது என் வேலை. நீ கோஸ் இலைய வெச்சிக்கினு எனக்கு ப்ளான் சொல்றியா?"

கூட நின்ற வேலையாட்கள் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். "சரிப்பா, பெரிய என்ஜினியரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருபத்திரண்டாம் நாள் முதல் மான் வந்தது. ஒரு வாரத்தில் பன்னிரண்டு, அப்புறம் முப்பது. விலா எலும்பு தெரிந்த மான்களுக்கு முதுகில் மினுமினுப்பு ஏறியது. அந்தக் கோடையில் சுற்றுவட்டத்தில் அந்த ஐம்பது சென்ட்தான் பச்சை. மேனேஜர் காரில் ஆட்களைக் கூட்டிவருவார். பரணில் ஏற்றிவிட்டு என்னைக் காட்டுவார். நான் கீழே நின்று கைகட்டிக்கொண்டிருப்பேன். அப்போது எனக்கிருந்த சந்தோஷம் மூன்றாம் மாடிக்குக் கான்கிரீட் போட்ட அன்றுகூட இல்லை. ரோட்டில் ஒரு மான்கூடச் சாகவில்லை. மான்கள் கோடையைத் தாண்டிவிடும் என்று எல்லோரும் நினைத்தோம்.

ஆனியில் ஒரு விடியற்காலை. நான் டேங்கரோடு போய்ச் சேரும்போது கேட்டில் பாய் இல்லை. உள்ளே நாய்ச் சத்தம். பின்பக்கம் புதிதாக வந்த காலனியின் குப்பைமேட்டு நாய்கள். வேலிக்கு அடியில் மண்ணைப் பறித்து, ஏழெட்டு நாய்கள் நுழைந்திருந்தன. அவை எந்தப் பக்கம் வந்து நின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திறந்திருந்தது ஒரு பக்கம்தான்.

மான்கள் உள்ளே வட்டமடித்துக்கொண்டிருந்தன. என் முள் அடைப்பில் பாய்ந்து பாய்ந்து விழுந்தன. நல்ல அடைப்பு அது. இரட்டை வரிசை, அழுத்தி மிதித்துக் கட்டினது. சில பெரியவை தாண்டிவிட்டன. தாண்டியவற்றில் இரண்டு பின்னாலிருந்த கம்பிவேலியில் மோதிக் கழுத்து முறிந்தன. பாய் கையில் கம்போடு அடைப்பின் வாயில் நின்று நாய்களை அடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கெண்டைக்காலில் ரத்தம். அவர் கேட்டிலிருந்து அரைமைல் ஓடி வந்திருந்தார். நான் டேங்கர் ஹாரனை விடாமல் அடித்தேன். நாய்கள் கலைந்தன.

ஒன்பது மான் செத்துக் கிடந்தன. இரண்டு சினை. மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் வந்து புரட்டிப் பார்த்தார். நாலு மான்களின் உடம்பில் பல் பட்ட தடமே இல்லை. "மிரட்சியிலேயே இதயம் நின்னுபோச்சு, ஓட வழியிருந்தா பிழைச்சிருக்கும்" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் பாயைப் பார்த்தேன். பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மேனேஜர் ரூமில் விசாரணை. டிரஸ்ட் ஆட்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

"என்னங்க காண்ட்ராக்டர், வேலியைத் தாண்டி நாய் எப்படி உள்ளே வந்தது?" என்று மேனேஜர் கேட்டார்.

என் பேர் போய்விடுமோ என்ற பயம்தான். முப்பது வருஷம் கையைக் கிழித்துச் சம்பாதித்த பேர். தாம்பரத்தில் வேலி என்றால் நான் என்கிற பேர்.

"வேலி இன்னா சார் பண்ணும்? சுத்தி வந்து பாக்க வேண்டியவன் பாக்கணும். மண்ணைப் பறிக்கிறதுக்கு நாய்க்கு ரெண்டு நாள் ஆயிருக்கும்."

பாய் ஒரு தடவை என்னைப் பார்த்தார். அவர் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வழி போதாது என்று அன்றைக்கே நான் சொன்னேனே, என்று. அன்று கூட நின்று சிரித்த வேலையாட்கள் சாட்சிக்கு இருந்தார்கள். அவர் சொன்னது இவ்வளவுதான்: "நான் பின்பக்கம் போய் நாலு நாளாச்சு சார். முட்டி வலி." அது உண்மை. அந்த உண்மையை வைத்து அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நாய் கடித்த காலுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த வாரத்திலேயே அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் நான் அரிவாளோடு தனியாகப் போனேன். ஆளை யாரையும் கூப்பிடவில்லை. மூன்று பக்கமும் முள்ளை வெட்டித் திறந்தேன். வயலைச் சுற்றி ஐந்து வழி வைத்தேன். பிறகு ஆள் வைத்து, வேலிக்கு அடியில் சுற்றிலும் ஒரு முழம் ஆழத்துக்குக் கல் பதித்தேன். பரணைப் பிரித்துப் போட்டேன். மேனேஜர் கேட்டதற்கு, மரம் உளுத்துவிட்டது என்றேன். ஒரு மாதத்துக்கு எந்த மானும் அந்தப் பக்கம் வரவில்லை. பயறு முற்றி உதிர்ந்தது. பிறகு மழை பெய்த பின் ஒன்றிரண்டு வந்தன. இன்றைக்கும் வருகின்றன.

இரண்டு வருஷம் கழித்து, கேம்ப் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனேன். வண்டி நிறுத்துகிற இடத்தில் விசில் வைத்துக்கொண்டு நின்றவர் பாய். தாடி முழுக்க வெளுத்திருந்தது. என் வண்டியை அவரே பிடித்து நிழலில் நிறுத்தினார்.

"இன்னா காண்ட்ராக்டரே, சௌக்கியமா?"

"கீறேன் பாய்."

"அதுங்க?"

"கீதுங்க. போன மாசம் குட்டி போட்டுச்சி ஒண்ணு."

ஒரு கார் வந்தது, கையைக் காட்டி உள்ளே அனுப்பினார். பிறகு கேட்டார். "பின்னால வழி வெச்சிட்டியா?"

"வெச்சேன். அஞ்சு வெச்சிகீறேன்."

"அப்ப சரி. போ, பந்தி உக்காந்துட்டாங்க."

அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாசலில் மேளம், சொந்தக்காரர்கள், நான் பட்டுச் சட்டையில். சாப்பிட்டு வந்து பேசலாம் என்று உள்ளே போனேன். வரும்போது அவர் ஷிப்ட் முடிந்து போயிருந்தார். அடுத்த ரம்ஜானுக்குள் பல்லாவரத்தில் அவர் இறந்துபோனதாகக் கேள்விப்பட்டேன். அடக்கத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும்.

போன மாதம் டிரஸ்ட்டிலிருந்து ஆண்டு மலர் அனுப்பியிருந்தார்கள். பளபளவென்ற தாள். மான் வயலின் படம் பெரிதாக இருந்தது. எழுத்துக்கூட்டி நானே படித்தேன். வயலைத் திட்டமிட்டது நிர்வாகக் குழுவாம். என் பேர் இல்லை. அதற்குக் கீழே ஒரு வரி: ஆரம்பத்தில் காவலாளியின் கவனக்குறைவால் சில மான்களை இழந்தோம்.

முதலில் என் பேர் இல்லாததற்குத்தான் கோபம் வந்தது. அதை மறைக்கவில்லை. அந்தக் கீழ்வரியைத் திரும்பப் படிக்க எனக்கு ஒரு நாள் ஆயிற்று.

ஆகவே டிரஸ்ட்டில் இப்போது இருப்பவர்களைக் கேட்கிறேன். கெஞ்சவில்லை, கேட்கிறேன். அந்தத் தீவனத்தை விதைத்தது நான், தண்ணீர் விட்டது நான், வறண்ட கோடையில் முப்பது மானுக்கு வயிறு நிரப்பியது நான் என்று எழுதுங்கள். அந்த வயலுக்கு ஒரே ஒரு வழி வைத்ததும் நான்தான் என்று எழுதுங்கள். வேட்டைக்காரனிடம் கற்ற வேலை, வேறு மாதிரி செய்ய எனக்குத் தெரியவில்லை. அது தெரிந்திருந்த பாய் சொன்னார். நான் கேட்கவில்லை. 'காவலாளியின் கவனக்குறைவு' என்பதை அடித்துவிட்டு அந்த இடத்தில் என்னைப் போடுங்கள். சேலையூர் வேலி காண்ட்ராக்டர் என்று போட்டாலே போதும், இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நல்லதை மட்டும் எனக்குக் கொடுத்துவிட்டு மற்றதை அவர் தலையில் விட்டுவைப்பதாக இருந்தால், என் பேரை எங்கேயும் போடாதீர்கள். இரண்டும் நான் செய்தது. இரண்டையும் நான் செய்ததாக எழுதுங்கள்.