அண்டாவின் அடியில் ஒரு பேர்

சங்கிலியம்மாள் தேவதானப்பட்டிக்கு மருமகளாக வந்த அன்று அவளை விளக்கேற்றச் சொன்னார்கள். குத்துவிளக்கு உள்ளறையில் இருந்தது. அதைத் தேடி எடுத்து வெளியே வருவதற்குள் பொழுது அடைந்து, நிலா உச்சிக்கு வந்து, மாப்பிள்ளை பேச்சிமுத்து சாப்பாட்டை முடித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான் என்று ஊரில் சொல்வார்கள். இதில் கொஞ்சம் கூடுதல் இருக்கலாம். ஆனால் அந்த உள்ளறையைக் கண்ணால் பார்த்தவர் எவரும் இதை மறுத்துப் பேசியதில்லை.

அறை முழுக்கப் பாத்திரம். குடம், தவலை, கொப்பரை, போகிணி, சருவம் என்று ஒன்றின் தலையில் ஒன்று ஏறி விட்டத்தைத் தொட்டு நின்றன. ஒருமுறை உள்ளே போன பூனை வழி தெரியாமல் அங்கேயே குடும்பம் நடத்தி, பேரன் பேத்தியோடுதான் வெளியே வந்தது. எல்லாமே மூன்று தலைமுறையாகச் செய்முறையில் வந்தவை. அந்தப் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, புதுவீடு எதுவானாலும் உறவுக்காரர் பாத்திரம் கொண்டுவந்து சபையில் வைப்பார்கள். விளிம்பில் கொடுத்தவர் பேரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். எவர்சில்வர் வந்து பித்தளையை உள்ளறைக்குத் துரத்திய வருசங்கள் அவை. வந்தவை வந்தபடியே கிடந்தன.

சங்கிலியம்மாளோ வெறும் தரையைப் பார்த்தால்தான் மனசு நிறைகிற பெண். கால் உடைந்த முக்காலி, காது போன சட்டி, எதற்கென்று தெரியாத சாவி, எதுவும் அவள் கையில் தப்பாது. பக்கத்து வீட்டு அய்யம்மாள் சொல்லுவாள்: “சங்கிலி வீட்டுல கொஞ்சம் அசையாம உக்காந்துராதீக. பழைய சாமான்காரனக் கூப்புட்டு நம்மளயும் நிறுத்துப் போட்டுருவா.”

உள்ளறை மட்டும் அவளுக்கு வசப்படவில்லை. பேச்சிமுத்து குறுக்கே நின்றான்.

“அது பாத்திரமில்லடி. ஒவ்வொன்னும் ஒரு ஆளு. சபையில வந்த மரியாதைய எடைக்குப் போடச் சொல்றியா?”

“மரியாதை மேல எலி புழுக்கை போட்டு வச்சிருக்கு. போய்ப் பாருங்க.”

அவன் போய்ப் பார்க்கவில்லை. விற்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டான்.

விற்கத்தானே கூடாது? சங்கிலியம்மாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். உள்ளறை வாசலில் நின்று ஒவ்வொரு பாத்திரத்தையும் விசாரித்தாள். “வருசத்துல ஒருக்கவாவது அடுப்பப் பாத்தியா? பாத்தேன்னா இரு. இல்லையா, கெளம்பு.” கிளம்ப வேண்டியவை பெரியகுளத்தில் ஞானசிகாமணியின் பாத்திரக்கடைக்குப் போயின. பழைய பேரைச் சுரண்டி, பாலீஷ் போட்டு, ‘பேச்சிமுத்து - சங்கிலியம்மாள்’ என்று வெட்டித் தருவார் அவர். அடுத்த வீட்டு விசேசத்துக்கு அது செய்முறையாகப் போய்விடும்.

“யார் பேருன்னு பாக்க வேண்டாமாம்மா?” என்று ஞானசிகாமணி முதல் நாளே கேட்டார்.

“பேரப் படிச்சா குடுக்க மனசு வராதுண்ணே. நானும் படிக்கல. நீங்களும் படிக்காமச் சுரண்டுங்க.”

விசேசத்துக்கு விசேசம் உள்ளறையில் தரை தெரிய ஆரம்பித்தது. முதல் முதலாகச் சிவப்புத் தரை ஒரு பாய் அகலத்துக்குத் தெரிந்த மத்தியானம், அவள் பாயில்லாமல் அதில் படுத்துப் பார்த்தாள். பேச்சிமுத்து, பெண்டாட்டி ஒவ்வொரு விசேசத்துக்கும் புதுப் பாத்திரம் எடுக்கிறாள் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தான். அவளும் அந்தப் பெருமையைக் கலைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வடுகபட்டியிலிருந்து ஆள் வந்தது.

பேச்சிமுத்துவின் அக்கா அக்கம்மாளை வடுகபட்டியில் கோட்டைச்சாமிக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. வாய்க்கால் தண்ணீர் முறையில் வந்த சண்டையில் மூன்று வருசமாக அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு இல்லை. அக்கம்மாளின் கடைசிப் பெண் பவுனுக்குக் காது குத்தாமலே தள்ளிப்போனது. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமன் ஒருத்தன்தான். அவனோடு பேச்சில்லை. பெரியவர்கள் நடந்து நடந்து பேசி, கடைசியில் அக்கம்மாள் சொல்லி அனுப்பினாள்: “முறைப்படி சீரோட வரட்டும். சபையில வச்சு அவன் மடியில புள்ளைய வைக்கிறேன். அதுல ஏதாவது ஒரு குத்தங் கொற கண்டேன், எங்க வீட்டுக்காரரு பங்காளி மடி பக்கத்துலதான் இருக்கு.”

பிள்ளை இல்லாத பேச்சிமுத்துவுக்குத் தன் மடியில் குழந்தை உட்காரப் போகிற நினைப்பே தலைகால் புரியாமல் செய்தது. பருத்தி மூட்டையை மடியில் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து பழகினான். மூட்டை அழுதால் என்ன செய்வது என்றுகூடக் கேட்டதாக அய்யம்மாள் சத்தியம் செய்வாள்.

“இருக்கிறதுலயே பெரிசா ஒன்னு எடுத்துரு” என்றான். சங்கிலியம்மாள் எடுத்தாள். உள்ளறையின் கடைசி மூலையை அடைத்துக்கொண்டிருந்த பித்தளை அண்டா. ஒரு ஆடு அதில் நின்று குளிக்கலாம். சுரண்டி, பாலீஷ் போட்டு வந்தபோது அதில் முகம் பார்த்துப் பேச்சிமுத்து மீசையை ஒதுக்கிக்கொண்டான்.

காதுகுத்து அன்று காலையில் வடுகபட்டிப் பிள்ளையார் கோவில் முன்னாலிருந்து சீர்வரிசை ஊர்வலம் கிளம்பியது. மேளம் முழங்கியது. முன்னால் பேச்சிமுத்து, குழந்தைக்கான பட்டுப்பாவாடைத் தட்டோடு. நடுவில் தேங்காய், பழம், வெல்லம், அரிசி, சந்தனத் தட்டுகளோடு அய்யம்மாளும் மற்றப் பெண்களும். பின்னால் சுருளியாண்டி, தலையில் சும்மாடு வைத்து அதன்மேல் அண்டாவோடு. நல்ல பலசாலி. பேச்சிமுத்துவுக்குத் தம்பி முறை. அவனுக்குப் பின்னால் சங்கிலியம்மாள் குலவை போட்டுக்கொண்டு நடந்தாள்.

தெரு திரும்பியதும் வெயில் அண்டாவின் அடியில் அடித்தது. சும்மாட்டுக்கு வெளியே, அடிப்பாகத்தின் ஓரத்தில், ஏதோ புள்ளிகள். குலவையை நிறுத்தாமலே எழுத்துக்கூட்டினாள். வடுகபட்டி. கோட்டைச்சாமி. அக்கம்மாள்.

குலவை பாதியில் நின்றது.

கோட்டைச்சாமி கொடுக்கிற எந்தப் பாத்திரத்திலும் இரண்டு இடத்தில் பேர் வெட்டுகிற ஆள். விளிம்பைச் சுரண்டிய ஞானசிகாமணி அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. அவளுடைய கல்யாணத்துக்கு நாத்தனார் வீட்டில் வைத்த அண்டா நாத்தனார் வீட்டுக்கே ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். ஒருவர் கொடுத்த செய்முறையை அவர் வாசலிலேயே திருப்பி இறக்கினால், இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று சபையறியச் சொன்னதாகும். அப்படித் திருப்பிய இரண்டு குடும்பங்கள் சாவுக்குக்கூட எட்டிப் பார்ப்பதில்லை. போதாததற்குக் கோட்டைச்சாமிக்கு இன்னொரு பழக்கம். சபையில் வந்த பாத்திரம் எதுவானாலும் கவிழ்த்து, அடியில் தட்டி, தகட்டுக் கனம் பார்க்காமல் விடமாட்டார்.

முன்னால் பேச்சிமுத்து தலை நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தான். தலைக்கு ஏறிய சீரைப் பந்தல் போகும்வரை இறக்கக் கூடாது. இந்தத் தெரு முடிந்தால் பந்தல்.

சங்கிலியம்மாள் முன்னால் ஓடி, தட்டிலிருந்த சந்தனத்தைக் கை நிறைய அள்ளி வந்து, எம்பி அண்டாவின் அடியில் பூசினாள். சந்தனம் புள்ளிகளுக்குள் இறங்கி உட்கார்ந்தது. மினுங்குகிற பித்தளையில் எழுத்துகள் இப்போது நாடகக் கொட்டகை போர்டு போலப் பளிச்சென்று தெரிந்தன. முந்தானையால் துடைத்தாள். சுற்றியிருந்தது போய், எழுத்து இன்னும் எடுப்பாக நின்றது.

அப்போதுதான் தோன்றியது: காலி அண்டாவைத்தானே கவிழ்க்க முடியும்!

“அய்யம்மா, அந்தத் தேங்காயத் தா.” வாங்கி அண்டாவுக்குள் எறிந்தாள். டங்கென்று விழுந்தது.

“ஏத்தா மதினி! என்ன பண்றீக?” என்று அலறினான் சுருளியாண்டி.

“தாய்மாமன் சீரு வெறும் அண்டாவாவா போகும்? முட்டிய மடக்கி நடலே. எனக்கு எட்டல.”

தேங்காய் முழுக்க உள்ளே போயிற்று. வெல்லம் போயிற்று. வாழைத்தார் போயிற்று. அரிசியைத் தட்டோடு கவிழ்த்தாள். வாழ்நாள் முழுக்க எடுத்து எடுத்து வெளியே போட்ட கை, இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் உள்ளே போட்டது. அண்டா பாதிகூட நிறையவில்லை. இவ்வளவு பெரியதாகவா ஒருத்தன் வார்த்திருப்பான் என்று முகம் தெரியாத கன்னானைத் திட்டினாள். வழியில் பொன்னுராஜின் பூண்டுக்கடை வந்தது. அவர் ஊர்வலம் பார்க்க வாசலில் நின்றிருந்தார்.

“அண்ணே, ஒரு மூட்டைப் பூண்ட எடுத்து இதுல கொட்டுங்க. காச அவுக வந்து குடுத்துருவாக.”

“நாட்டுப்பூண்டாம்மா? மலைப்பூண்டா?”

“எது கனக்குமோ அது.”

பூண்டு விழுந்து விளிம்பைத் தொட்டது. தட்டில் தப்பிக் கிடந்த கடைசித் தேங்காயை அதன்மேல் எறிந்தாள். சுருளியாண்டியின் கழுத்து தோளுக்குள் போய்விட்டது. இரண்டு பக்கமும் இரண்டு பேர் ஓடி வந்து தாங்கினார்கள். சத்தம் கேட்டுத் திரும்பிய பேச்சிமுத்து, “என்னடி கூத்து இது?” என்றான்.

“சீரு சிறுத்துத் தெரிஞ்சிச்சு. நீங்க திரும்பிப் பாக்காம நடங்க.”

பந்தலில் நான்கு பேர் சேர்ந்து அண்டாவை இறக்கினார்கள். மேளம் நின்றது. மைக்கில் ஒருவர், “தாய்மாமன் பேச்சிமுத்து, பித்தளை அண்டா ஒன்னு, பூண்டோட!” என்று அறிவித்தார். கோட்டைச்சாமி எழுந்து வந்தார். விளிம்பில் பேரைப் படித்தார். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

அண்டா ஒரு விரற்கடை எழும்பியது. பூண்டு சரசரவென்று ஒதுங்கியது. அவர் இன்னும் மூச்சுக்கட்டி நெம்பினார். இன்னொரு விரற்கடை. சந்தனத்தின் ஓரம் அவள் கண்ணுக்கே தெரிந்தது. அந்த நேரம் உச்சியிலிருந்த தேங்காய் உருண்டு நேராக அவர் கால் பெருவிரலில் விழுந்தது.

கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த சுருளியாண்டி கேட்டான்: “மச்சான், காது குத்தப் போறது புள்ளைக்கா, அண்டாவுக்கா?”

பந்தல் சிரித்தது. கோட்டைச்சாமி காலைத் தூக்கிக்கொண்டு விலகினார்.

அக்கம்மாள் குழந்தையோடு வாசலில் நின்றாள். தம்பியிடம் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பார்வை அண்டாவுக்குப் போனது. அங்கிருந்து சங்கிலியம்மாளின் விரல்களில் இருந்த சந்தனத்துக்கும், தலையில் ஒட்டியிருந்த பூண்டுத் தோலுக்கும் போனது. அங்கேயே நின்றது. பேச்சிமுத்து சம்மணம் போட்டு உட்கார்ந்து வெறும் மடியைச் சரிசெய்துகொண்டிருந்தான். கோட்டைச்சாமியின் பங்காளி ஒருவர், தேவைப்பட்டால் இருக்கட்டும் என்பதுபோல் பக்கத்தில் வந்து நின்றார்.

அக்கம்மாள் மெதுவாக நடந்து வந்து, குனிந்து, தம்பி மடியில் பவுனை வைத்தாள்.

காது குத்தியபோது குழந்தை அழுதது. அதைவிடச் சத்தமாகப் பேச்சிமுத்து அழுதான்.

பந்தி முடிந்ததும் கொல்லையிலிருந்து குரல் வந்தது. “ஏ சங்கிலி, இங்கன வா.”

போனாள். அண்டாவைக் காலி செய்து கவிழ்த்துப் போட்டிருந்தது. அக்கம்மாள் மட்டும் நின்றிருந்தாள்.

“படி.”

“மதினி...”

“பள்ளிக்கூடம் போனவதான? படி.”

சங்கிலியம்மாள் படித்தாள்.

“தம்பி கல்யாணத்துக்கு மருதைக்குப் போயி எடுத்தாந்தாக இத. அறுத்துக்கிடணும்னா சபையில சொல்லிட்டுப் போகவேண்டியதுதான? எதுக்குப் பூண்டக் கொட்டி மூடணும்? அவன் சொன்னானா?”

ஞானசிகாமணி மேல் பழியைப் போடலாம். பேச்சிமுத்து மேலும் போடலாம். நாக்கு நுனிவரை இரண்டும் வந்தன.

“அவுகளுக்கு ஒன்னுந் தெரியாது மதினி. எடத்த அடைச்சிச்சு, அதான் கெளப்பினேன். யாரு பேருன்னு படிக்கல. படிச்சிருந்தா இந்நேரம் அது எங்க வீட்டு மூலையிலதான் கெடக்கும்.”

“எடத்த அடைச்சிச்சா?” அக்கம்மாளின் முகம் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியவில்லை. “எங்க பேரு வச்ச பாத்திரம் உனக்கு எடத்த அடைச்சிச்சு.”

“எல்லாப் பாத்திரமும் அடைச்சிச்சு மதினி. எங்க ஆத்தா வீட்டுது உட்பட. அத மொதல்லயே குடுத்திட்டேன்.”

அக்கம்மாள் வாய் திறப்பதற்குள் முற்றத்தில் செருப்புச் சத்தம். கோட்டைச்சாமி நொண்டிக்கொண்டு வந்தார். “அண்டாவ எங்கன வச்சிருக்கு? இப்பக் காலிதான? அடியப் பாக்கணும்.”

அக்கம்மாள் சட்டென்று கவிழ்ந்த அண்டாவின்மேல் உட்கார்ந்துகொண்டாள். சேலையை விரித்துவிட்டாள்.

“பொம்பளைக பேசிக்கிட்டு இருக்கோம்ல?”

“உக்கார வேற எடமே கெடைக்கலயா?”

“எங்கன இருக்கு எடம்? உள்ள போய்ப் பாருங்க. காலையில இருந்து வந்த பாத்திரத்துல எனக்கே நிக்க வழியில்ல.”

அவர் முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கம்மாள் எழவில்லை. எதையோ யோசித்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

“ஒன் உள்ளறை இப்பக் காலியாத்தான கெடக்கு?”

“ஆமா மதினி.”

“இந்த அண்டா இங்கன இருந்தா, நீங்க திருப்பினது. எனக்கு எடமில்ல, தம்பி வீட்டுல கெடக்கட்டும்னு நான் ஏத்திவிட்டா, அது என் பாத்திரம் என் பெறந்த வீட்டுல இருக்கு. அவ்வளவுதான். ஆனா இது மட்டும் போனா ஊரு கேக்கும். கூட ரெண்டு வண்டி போனா ஒருத்தனும் கேக்க மாட்டான்.”

“ரெண்டு வண்டியா?”

“மாசத்துக்கு ஒருக்க வந்து பாப்பேன். ஒன்னு கொறையக் கூடாது. ஒவ்வொன்னுலயும் யாரு பேருன்னு கேப்பேன். சொல்லணும்.”

சங்கிலியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். பாய் அகலத்துக்குத் தெரிந்த அந்தச் சிவப்புத் தரை ஒரு தரம் வந்து போயிற்று. “சரி மதினி” என்றாள்.

சாயங்காலம் வண்டிகள் கிளம்பின. குடத்துக்கு மேல் குடமாக ஏறி, வைக்கோல் போர்களுக்கு மாடு பூட்டியதுபோல் இருந்தன. முன் வண்டியில் பேச்சிமுத்து. அக்கா பேசிவிட்ட சந்தோசத்தில் வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி, “எங்க அக்கா எங்கள நம்பிக் குடுத்துவிட்டிருக்கு, பாத்தீகளா!” என்றான். பின் வண்டியில் சங்கிலியம்மாளுக்கு உட்கார இடமில்லை. பின்னாலேயே நடந்தாள்.

தேவதானப்பட்டிக்குப் பாதி வழியில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மேலே இருந்த பித்தளைக் குடம் ஒன்று வழுக்கி, ரோட்டில் விழுந்து, உருண்டு, வாய்க்கால் தண்ணீருக்குள் போய் மிதந்தது. வண்டிக்காரன் திரும்பவில்லை. பேச்சிமுத்து யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான். தண்ணீர் வேகமாகத்தான் போயிற்று. குடம் மெல்லச் சுற்றிக்கொண்டே நகர்ந்தது.

சங்கிலியம்மாள் கரையில் நின்று அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, “போய்த் தொலைய மாட்டியே” என்று வைதுகொண்டே, சேலையை முழங்காலுக்குச் செருகித் தண்ணீருக்குள் இறங்கினாள்.