ஒரே கையால் இரண்டு புள்ளடி

இல்லாத பிறேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும் றசீனாவின் வலது கால். கணவர் ஸஜீத் 401 நெடுஞ்சாலையில் காரை விட, பக்கத்தில் இருக்கும் அவர், முன்னால் போகும் லொறியின் சிவப்பு விளக்கு எரிந்ததும் காலடி விரிப்பை ஓங்கி மிதிப்பார். பஸ்ஸிலும் அப்படித்தான். பல் வைத்தியரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தபோதும் உம்மா மிதித்தார் என்று மகள் அஸ்ரா சொல்லிச் சிரிப்பாள்.

"இது என்ட கார். நீர் பழக்கிற கார் இல்ல," என்பார் ஸஜீத். "அஜக்ஸுக்குப் போய்ச் சேர முதல் நிலத்தில ஓட்டை விழப்போகுது."

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பெண்களுக்குக் கார் ஓட்டப் பழக்குவது றசீனாவின் தொழில். அந்நிய ஆணுக்குப் பக்கத்தில் இருந்து பழக விரும்பாதவர்கள், புருசனிடம் பழகப் போய் அழுதுகொண்டு இறங்கியவர்கள், பனிக்குள் பஸ்ஸுக்கு நின்று அலுத்துப்போனவர்கள் என்று பலரும் அவரிடம் வருவார்கள். அவருடைய காரில், பழக்குகிறவரின் காலடியிலும் ஒரு பிறேக் உண்டு. அதை மிதிக்க நேர்ந்தாலும் சத்தம் போடமாட்டார். "கண்ணாடியைப் பாத்தீரா? தோளுக்கு மேலால பாத்தீரா? ரெண்டையும் பாக்காமத் திருப்பினா அல்லாஹ்தான் எங்களைப் பாக்க வேணும்," என்பார். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடித்தால், "அடிக்கட்டும், அது அவன்ட கை," என்பார்.

மற்றவர்களுக்குப் பொறுமை சொல்லிக் கொடுப்பவருக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. சிவப்பு விளக்குக்கு நிற்கும்போதெல்லாம் முக்காட்டை அவிழ்த்துக் கட்டுவார். இரண்டு வகுப்புகளுக்கு நடுவில், லோரன்ஸ் அவென்யூ பிளாசாவின் வெறும் தரிப்பிடத்தில் ஓரிடத்தில் காரை நிறுத்துவார், மனம் கேளாது, எடுத்து இன்னோரிடத்தில் நிறுத்துவார். அங்கே வெயில் என்று தோன்ற, திரும்பவும் பழைய இடத்துக்கே வருவார். பிளாசாவில் கொத்துரொட்டிக் கடை வைத்திருக்கும் தியாகலிங்கம் கண்ணாடிக்குள்ளால் இதைப் பார்த்து, "தங்கச்சி இண்டைக்கு எவடத்தில குடியிருக்கப் போறா?" என்று கேட்பார்.

2016ஆம் ஆண்டின் இளவேனிலில் இந்த இருப்புக்கொள்ளாமை இன்னும் கூடிவிட்டது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்று அந்நாட்டு மக்களிடம் கேட்க நாள் குறித்திருந்தார்கள். அந்நாட்டின் லெஸ்டரில் ரேக்எவே சாப்பாட்டுக் கடை நடத்தும் மூத்த சகோதரர் ஹுஸைன் ஒருநாள் போன் எடுத்தார்.

"உனக்கும் வோட் இருக்குது புள்ள."

"எனக்கு எங்கால நாநா? நான் ரொறன்ரோவில எல்லோ இருக்கிறன்."

"நீ பிரிட்டிஷ் பாஸ்போட்காரி. போய்ப் பதினைஞ்சு வருசம் ஆகாதவங்கள் போடலாமாம். நான் விசாரிச்சிட்டன்."

திருமணமாகி லண்டனுக்குப் போனவர் றசீனா. அங்கிருந்து லெஸ்டருக்கு வந்து, ஹுஸைனின் கடைக்கு மேலுள்ள அறைகளில் ஸஜீத்தோடு குடியிருந்தார். அஸ்ரா பிறந்தது அங்கேதான், மூவரும் கனடாவுக்கு வந்தது அதன் பிறகு. அந்த விலாசத்தில் அவர் பெயரைத் திரும்பப் பதியலாம் என்றார் ஹுஸைன். வாக்குச்சீட்டு கனடாவுக்கு வந்து திரும்புவதற்குள் வாக்கெடுப்பே முடிந்துவிடும். ஆகவே, சட்டம் அனுமதிக்கிறபடி, அவருக்குப் பதிலாகத் தானே வாக்குச்சாவடியில் புள்ளடி போடுவதாகவும் சொன்னார். எதற்குப் போடுவது என்று அவர் கேட்கவில்லை. தங்கை தன் பக்கம்தான் என்று நினைத்திருந்தார்.

அவர் அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. புத்தளத்தில் இருந்த அவர்களின் உம்மா, மகனின் வீட்டைப் பார்த்துவிட்டு வர இரண்டு தடவை விசாவுக்குப் போட்டார். இரண்டு தடவையும் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். மூன்றாம் தடவைக்குப் படம் எடுத்து வைத்திருந்தவர் அதற்குள் மௌத்தாகிவிட்டார். அதே வருடம் ஹுஸைனின் கடையில் கோப்பை கழுவிய போலந்துக்காரப் பையனின் தாய் நத்தார்ப் பண்டிகைக்கு வந்தார்.

"நல்ல பொடியன். அவனில எனக்குக் கோவமில்ல," என்பார் ஹுஸைன். "அவன்ட உம்மா பஸ்ஸில ஏறி வந்து என்ட கடை வாசல்ல இறங்கினா. கையில கேக். நான்தான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். எங்கட உம்மாக்கு மட்டும் ஏன் இல்ல? எல்லாருக்கும் ஒரே கதவு எண்டு வரட்டும். அதுக்குத்தான் விலகச் சொல்லுறன்."

றசீனாவுக்கு அது நியாயமாகவே பட்டது. கொஞ்ச நாள் பள்ளிவாசலிலும் பிளாசாவிலும் அண்ணனின் வாதத்தைத் தன் வாதமாகவே எடுத்துச் சொல்லித் திரிந்தார். உம்மாவின் கதையைச் சொல்லும்போது கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அதில் ஒரு திருப்தியும் இருந்தது.

பிறகு ஹனா போன் எடுத்தாள்.

ஹனா கடைசித் தங்கை. அவள் மாப்பிள்ளை நெதர்லாந்தில் அகதியாய் வளர்ந்து, அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தவர். அவளும் பிறகு எடுத்தாள். மகன் இங்கிலீஷில் படிக்கட்டும் என்று இருவரும் லெஸ்டருக்கு இடம் மாறி, ஹுஸைனின் கடைக்கு அடுத்த தெருவில் வீடு எடுத்திருந்தார்கள். ஐரோப்பியக் கடவுச்சீட்டு இருந்ததால் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. இப்போது அதே கடவுச்சீட்டால் அவளுக்கு வாக்கு இல்லை.

"மகன்ட ஸ்கூலில ஒரு பிள்ளை கேட்டதாம் ராத்தா, 'நீங்க எப்ப போறீங்க' எண்டு. சும்மாதான் கேட்டதாம். அவன் வந்து என்னட்டக் கேக்கிறான்."

"நாநாட்டச் சொன்னியா?"

"சொன்னன். சிரிச்சார். 'உன்னை ஆர் போகச் சொல்லுறது, விசரி' எண்டார். ஹொலண்ட் வீட்டைக் குடுத்திட்டெல்லோ வந்தனாங்க ராத்தா. இனி ஒருக்கா மூட்டை கட்ட எனக்கு ஏலாது."

அதற்குப் பிறகு ஹனா அண்ணன் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

றசீனாவின் மனம் காலையில் விலகும், பின்னேரம் ஒட்டிக்கொள்ளும். கண்டவர்களிடமெல்லாம் கேட்டார். "அது அவங்கட வீட்டுச் சண்டை. நாம அஜக்ஸில வீடு பாப்பம்," என்றார் ஸஜீத். "உம்மா, யூ டோன்ட் ஈவின் லிவ் தெயர்," என்றாள் அஸ்ரா. பிறகு, "பட் ஹனா சாச்சி டஸ்," என்று தானே சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். தியாகலிங்கம் தன் மைத்துனர் லண்டனில் இன்னார் பக்கம் என்று தொடங்கி, மைத்துனரின் மூட்டுவலியில் கொண்டுபோய் முடித்தார்.

நோன்பு தொடங்கியிருந்தது. ஒரு வெக்கையான பிற்பகல், மார்க்கம் வீதியில் நிலக்சிக்கு இடப்பக்கம் திரும்பப் பழக்கிக்கொண்டிருந்தார் றசீனா. நிலக்சி யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் செய்து வந்தவள், முதியோர் இல்லமொன்றில் வேலை. எதிரே வரும் வாகனங்களைக் குறுக்கறுத்து இடப்பக்கம் திரும்புவதென்றால் அவளுக்குக் கை வேர்க்கும். அன்றைக்கு றசீனா அவளிடமும் கேட்டார், வோட்டை எதற்குப் போடலாம் என்று.

"எனக்கு உதுகள் தெரியாது அன்ரி," என்றாள் நிலக்சி, கண்ணை வீதியிலிருந்து எடுக்காமல். பேச்சை மாற்ற நினைத்தாளோ என்னவோ, "நீங்கள் யாழ்ப்பாணத்தில எவடம்?" என்று கேட்டாள்.

"சோனகத்தெரு."

முன்னால் பச்சை விளக்கு எரிந்தது. எதிர்த் திசை வாகனங்கள் வந்துகொண்டே இருந்தன.

"தொண்ணூறில நான் பிறக்கேல்லை அன்ரி."

"தெரியும் பிள்ளை. எதிரால வாறதைப் பாரும். இடைவெளி வந்தாப் போகலாம். வராட்டி நிப்பம்."

அந்தத் தொண்ணூறாம் ஆண்டில்தான் புலிகள் இயக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னது. காலையில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பொழுது சாய முதல் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத்தெரு வெறுமையாகிவிட்டது. வாப்பா உம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். பதினேழு வயது றசீனா நாலு வயது ஹனாவை இடுப்பில் தூக்கினார். ஹுஸைன் அப்போது கொழும்பில் புறக்கோட்டைத் துணிக்கடையொன்றில் வேலைக்கு நின்றார். பல நாள் கழித்துத்தான் புத்தளத்து முகாமில் வந்து அவர்களைக் கண்டார்.

நிலக்சியை வீட்டில் இறக்கியதும் றசீனா காரை ஓர் ஓரமாக நிறுத்தி ஹுஸைனுக்குப் போன் எடுத்தார். கடையில் எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது.

"நாநா, என்டதை இருக்கிறதுக்குப் போடுங்க."

கரண்டியைப் படாரென்று வைக்கும் சத்தம் கேட்டது.

"உம்மாவை மறந்திட்டியா?"

"மறக்கேல்ல. உம்மாக்குக் கதவைத் திறக்காதவங்கள், இவங்களுக்கும் சாத்தினாப் பிறகு எங்களுக்குத் திறப்பாங்கள் எண்டு ஆர் சொன்னது?"

"நீ தூர இருந்துகொண்டு கதைக்கிறாய்."

அந்தச் சொல் றசீனாவைச் சுட்டுவிட்டது. இருபத்தாறு வருடமாக எவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது வாயில் வந்தது.

"அண்டைக்குத் தூர இருந்தது நீங்க நாநா. ஹனா என்ட இடுப்பில இருந்தா. 'எப்ப வீட்ட போறம், எப்ப வீட்ட போறம்' எண்டு வழி முழுக்கக் கேட்டா. 'இந்தா, இந்தா' எண்டு சொல்லிச் சொல்லி நடந்தன். பொய் சொல்லிக்கொண்டு நடந்தன். இப்ப அவள்ட மகன் கேக்கிறான். திரும்பவும் என்னால ஏலாது."

"அது வேற, இது வேற றசீனா."

"வேறதான். எனக்கும் தெரியும். ஆனா என்ட புள்ளடியை நான் சொன்ன இடத்தில போடுங்க."

ஹுஸைன் மெல்லச் சிரித்தார். பகிடியா, உண்மையா என்று பிடிபடாத சிரிப்பு. "நான் மாத்திப் போட்டா உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது," என்றார் றசீனா.

அந்த ஒரு சொல்லை விழுங்கிக்கொண்டுதான் மிச்ச நாட்களை ஓட்டினார். வாக்குப் போடும் பொறுப்பை வேறு ஆளுக்கு மாற்றலாமா என்று யோசித்தார். அண்ணனை நம்பவில்லை என்று ஊருக்கு அறிவிப்பது போலாகிவிடும். அண்ணனிடம் கேட்டதை ஹனாவுக்கும் சொல்லியிருந்தார், ஆனால் அவளுக்கோ வாக்கே இல்லை. தரிப்பிடத்தில் கார் வழக்கத்தைவிடக் கூடுதலாக இடம் மாறியது. பழக வந்த பெண்கள் சரியாகப் போனபோதும் பிறேக்கை மிதித்தார். "நான் என்ன பிழை விட்டனான் அன்ரி?" என்று அவர்கள் கேட்டால், "நீர் இல்ல, நான்," என்பார்.

வாக்கெடுப்பு நாள் வியாழன். பிற்பகல் ஹுஸைனின் அழைப்பு வந்தது. அங்கே நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. அவர் குரல் வறண்டு கிடந்தது.

"போட்டிட்டன். ரெண்டு பேப்பர். ஒரே கையால ரெண்டு புள்ளடி. இருக்கிறது மேல, விலகிறது கீழ. உன்டதுக்கு மேல போட்டன், என்டதுக்குக் கீழ போட்டன். ஒண்டை ஒண்டு திண்டிட்டுது. இதுக்குக் கடையைப் பூட்டிப்போட்டுப் போனன் பாரு!"

சத்தியம் பண்ணுங்க என்று கேட்க றசீனாவின் நாக்கு நுனிவரை வந்தது. நோன்பு வாயால் அவர் பொய் சொல்லமாட்டார் என்று ஒரு மனம் சொன்னது. கேட்டுவிட்டால் அந்த நம்பிக்கைக்கும் அர்த்தமில்லை என்று இன்னொரு மனம் சொன்னது. "சரி நாநா," என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை எல்லாருக்கும் முடிவு தெரிந்திருந்தது. விலகுவது என்று தீர்மானித்துவிட்டார்கள். பிளாசாவில் காரை நிறுத்தி, அடுத்த வகுப்புக்கு வரவேண்டியவளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஹனாவின் அழைப்பு வந்தது. அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்ட குரல்.

"ராத்தா, நாநா நீங்க சொன்னமாதிரி உண்மையாப் போட்டவரா?"

றசீனா முக்காட்டின் ஓரத்தை அவிழ்த்தார், கட்டினார்.

"நேத்து நோன்பு திறக்கக் கஞ்சி குடுத்தனுப்பினவர்," என்றாள் ஹனா. "சட்டியோட திருப்பி அனுப்பிட்டன். இப்ப யோசிக்க ஒரு மாதிரி இருக்குது. சொல்லுங்க ராத்தா, போட்டவரா?"

அதற்குள் கைபேசியில் இன்னோர் அழைப்பு விழுந்தது. ஹுஸைன். ஹனாவை அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு அதை எடுத்தார்.

"வெண்டிட்டீங்க நாநா."

"ஓம்." வென்றவனின் குரலாக அது இல்லை. "ஹனா என்ட போனை எடுக்கிறாளில்ல. விடியத்தில இருந்து அடிக்கிறன். நீயாவது சொல்லு அவளுக்கு."

"என்னத்தைச் சொல்ல?"

றசீனா திரையைப் பார்த்தார். இரண்டு பெயர்களும் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன. இரண்டு அழைப்புகளையும் சேர்க்கும் இடத்தில் விரலை வைத்து அழுத்தினார். லெஸ்டரில் அடுத்தடுத்த தெருக்களில் இருந்த இரண்டு பேரின் மூச்சும் ஸ்காபரோவில் ஒரு காருக்குள் கேட்டது.

"ஆர் அது?" என்றாள் ஹனா.

றசீனா கைபேசியை இருக்கையில் வைத்தார். கதவைத் திறந்து இறங்கி, அதைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு, காரில் பேசுவது காதில் விழாத தூரத்துக்கு வெயிலுக்குள் நடந்தார்.