கண் எரியாத வெங்காயம்

எண்பதுகளில் ஏற்காட்டில் நாங்கள் மெஸ் நடத்தினோம். ஊரை விட்டுப் போகும்போது எஸ்டேட் அம்மா ஒருவர், வெள்ளையில் சிவப்புக் கோடு ஓடும் பூ பூக்கும் பழைய ரகத் துலிப் கிழங்குகள் ஐந்தைத் தந்தார். "இங்கத்த குளிர் பத்தாது, மூணு மாசம் ஃப்ரிட்ஜுல வை. தின்னா விஷம்" என்றார்.

"இங்கெல்லாம் அது பூத்துட்டாலும்!" என்று கணவர் சிரித்தார். அந்த வீம்பிலேயே மெஸ் ஃப்ரிட்ஜில் வைத்தேன். சமையல் செய்யும் லட்சுமியிடம், "கிழங்கைத் தொடாதே" என்று மட்டும் சொன்னேன்.

ஒருநாள் காலை லட்சுமி கூப்பிட்டாள். "ஏனுங்கக்கா, இந்த வெங்காயம் நாலு உரிச்சும் கண்ணே எரியலீங்க!"

ஓடினேன். நாலும் நறுக்கிக் கிடந்தன. நல்லவேளை, சாம்பாரில் இன்னும் போடவில்லை.

"கிழங்கைத் தொடலீங்க, வெங்காயத்தைத்தானுங்க உரிச்சேன்" என்று அழுதாள். பார்க்க வெங்காயம் மாதிரியே இருக்கும் என்று சொல்லாத தப்பு என்னுடையதுதான்.

"மிச்சத்தையும் தூக்கி எறி" என்றார் கணவர். மாட்டேன் என்றேன். மிஞ்சிய ஒன்றை மார்கழியில் நட்டேன். மாசியில் சிவப்புக் கோட்டோடு பூத்தது.

இப்போது அதன் குட்டிக் கிழங்குகளை வைக்கும் டப்பாவில் 'விஷம்' என்று எழுதி மண்டையோடும் வரைந்து வைக்கிறேன். வேலியோரம் நிற்பவர்களிடம் கணவர், "எங்க ஊட்டுத் துலிப்புங்க" என்று பெருமையடிக்கிறார். அடிக்கட்டும். தண்ணீர் ஊற்ற மட்டும் அவரை விடமாட்டேன்.