அப்பா பெயர் இல்லாத கார்

கார் கப்பலில் ஏறிய அன்றே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. கார் கடலில் விழுந்துவிடும் என்றல்ல. அதன் காகிதங்களை அப்பா பார்த்துவிடுவார் என்று.

இங்கிலாந்தில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டுப் பினாங்குக்கே திரும்பி வந்திருந்தேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் நல்ல வேலை. வெளிநாட்டிலிருந்து திரும்பும் குடிமகன் அங்கே தன் பெயரில் வைத்திருந்த காரைச் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரலாம். அதற்கு அரசாங்கத்தின் இறக்குமதி அனுமதி வேண்டும், அந்த அனுமதிக்கு ஒரு கட்டுக் காகிதம் வேண்டும். "அங்கேயே வித்துட்டு வா, எதுக்கு இந்தத் தலைவலி" என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் கேட்டால்தானே? டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே அந்த நீலக் காரை நிறுத்தி, அப்பாவை முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போக வேண்டும் என்று ஆசை. ஆசைப்பட்டது அப்பாவுக்காக. மறைக்க வேண்டியிருந்ததும் அப்பாவிடம்தான்.

எதை மறைக்க வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. என் பெயர், அதற்குப் பின்னால் இன்னாரின் மகன் என்று அப்பாவின் பெயர். ஐசி எனப்படும் அடையாள அட்டையிலும் பாஸ்போர்ட் என்கிற கடப்பிதழிலும் அப்படித்தான் இருக்கும். இங்கிலாந்தில் கடைசியில் வருவதுதான் குடும்பப் பெயர். ஆகவே அங்கே போன முதல் வருடம் வேலையிடத்தில் என்னை எல்லோரும் அப்பாவின் பெயருக்கு முன்னால் மிஸ்டர் போட்டுத்தான் கூப்பிட்டார்கள். அப்பாவின் பெயர், ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கும் காவல் தெய்வத்தின் பெயர். பள்ளியில் ஆசிரியர் என் முழுப்பெயரை வாசிக்கும்போதெல்லாம் பின்வரிசை சிரிக்கும். வெள்ளைக்காரர்கள் சிரிக்கவில்லை, பாவம், அவர்களுக்கு நம் பெயர்கள் எல்லாமே ஒன்றுதான். சிரித்தது நம் ஆட்கள். ஒரு விருந்தில் கோலாலம்பூர்த் தமிழர் ஒருவர் என் அலுவலக அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எஸ்டேட் பேருலா! அப்பா தோட்டத்து ஆளா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்த வாரமே அப்பாவின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரை இரண்டாக உடைத்தேன். முன்பாதி பெயர், பின்பாதி குடும்பப் பெயர். அங்கே அதற்கு ஒரு தாளில் எழுதி, சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டால் போதும். வங்கி, வாடகை வீடு, பிறகு வாங்கிய கார், அதன் காப்புறுதி, எல்லாம் அந்தப் புதுப் பெயரில். கடப்பிதழை மட்டும் மாற்றவில்லை. அதற்குத் தூதரகம் போக வேண்டும், சோம்பல். அந்தச் சோம்பல்தான் பிறகு என்னைக் காட்டிக்கொடுத்தது.

வேறு யாருடைய அப்பாவாக இருந்தாலும் சமாளித்திருக்கலாம். என் அப்பாவின் வேலையே காகிதம்தான். கார் விற்கும் கடைகளுக்காகச் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கு நடையாய் நடந்து பெயர் மாற்றுவது, சாலை வரி எடுப்பது, காரின் பதிவுப் பத்திரத்தை வாங்கி உரியவரிடம் சேர்ப்பது. அந்தத் தொழிலில் இவர்களை ரன்னர் என்பார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ரன்னர். எந்தப் பத்திரம் கைக்கு வந்தாலும் முதலில் சொந்தக்காரர் பெயரைத்தான் பார்ப்பார். வலது ஆள்காட்டி விரலைப் பெயருக்கு அடியில் வைத்து, எழுத்தெழுத்தாக நகர்த்திக்கொண்டே போய், முடிந்ததும் தலையாட்டுவார். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

பொய்க் காகிதம் அவரிடம் செல்லாது. ஒரு முதலாளி சத்தியப் பிரமாணத் தாள் ஒன்றில் வாங்கிய தேதியைக் கொஞ்சம் முன்னே தள்ளிப் போடச் சொன்னார் என்று, ஃபைலை மேசையில் வைத்துவிட்டு வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தவர். நான் அப்போது ஆறாம் வகுப்பு. அம்மா கோபித்துக்கொண்டார். "சத்தியம் பண்ற காயிதத்துல பொய் எழுதிட்டு, அந்தக் கையால எப்படி சோறு திங்கிறது?" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் இது வெகுநாள் கேலியாக ஓடியது. கணக்குப் பாடத்தில் நான் காப்பியடித்து மாட்டியபோது அம்மா எனக்குக் கரண்டியைக் கொடுத்துச் சாப்பிடச் சொன்னார்.

இப்போது அம்மா இல்லை. அப்பா வேலையை விட்டுச் சில வருடமாகிறது. கார் வருகிறது என்று சொன்னதும், அலமாரிக்கு மேலே கிடந்த தன் பழைய கறுப்புப் பையை இறக்கி ஈரத்துணியால் துடைத்து வைத்தார்.

"அங்கத்திய கிராண்ட்ட எடு, பாப்போம்" என்றார். கிராண்ட் என்றால் பதிவுப் பத்திரம்.

"ஏஜெண்டுகிட்ட இருக்குப்பா."

"ஏஜெண்டா? முப்பது வருசமா இதே பொழப்பா இருந்தவன் வீட்டுல குந்திருக்கேன், நீ ஏஜெண்டு புடிச்சிருக்க?"

"இப்பல்லாம் ஆன்லைன்பா. காலம் மாறிப்போச்சு. ஒங்களுக்கு வெளங்காது."

பத்திரம் அந்த நேரத்தில் என் அறையில், துணிப்பெட்டிக்கு அடியில் இருந்தது. அப்பா சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனார். மறுநாள் காலை கறுப்புப் பை பழையபடி அலமாரிக்கு மேலே ஏறியிருந்தது. அதைப் பார்த்துவிட்டும் நான் வேலைக்குப் போனேன். இன்று நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சொன்ன பொய்யை மெய்யாக்க ஓர் ஏஜெண்டைத் தேட வேண்டியிருந்தது. பினாங்குத் தீவில் தேடினால் அப்பாவுக்குத் தெரிந்தவராக இருப்பார் என்று பாலம் தாண்டி ஜுருவுக்குப் போனேன். கார் கடைகளுக்கு நடுவே சின்ன அலுவலகம். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா, மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு என் காகிதங்களைப் பிரித்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"தம்பி, கப்பல்ல வர்றது யாரு காடி?"

"என்னோடதுதாங்க."

"பாஸ்போர்ட்டுல ஒரு ஆளு, கிராண்ட்டுல ஒரு ஆளுலா. இப்படியே அனுப்புனா அனுமதி கெடைக்காது. காடி துறைமுகத்துலயே கெடக்கும்." பேனாவால் தலையைச் சொறிந்தார். "ரெண்டும் ஒரே ஆளுன்னு நீங்க ஒரு சத்தியப் பிரமாணம் எடுக்கணும். பெத்தவங்க ஒருத்தரும் எடுத்தா நல்லது. ஆபீசரு மறுபேச்சு பேச மாட்டாரு. அப்பா இருக்காருல்ல?"

"இருக்காரு. உடம்புக்கு முடியல. படுத்த படுக்கை."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். அக்கா உச்சுக்கொட்டிவிட்டு என் அடையாள அட்டையின் நகலை எடுத்தார். அப்பாவின் பெயர் வந்த இடத்தில் இந்தத் தடவை கண் நின்றது. தலையில் இருந்த கண்ணாடி மூக்குக்கு இறங்கியது.

"இந்தப் பேருல ஒரே ஒரு ஆளுதான் இருக்காரு. கறுப்புப் பையி. தம்பி, நீங்க ரன்னர் அண்ணன் மவனா?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"அடக் கடவுளே! நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதுசுல கவுண்டருல மெரண்டு போயி நிப்பேன். அண்ணன் காயிதம்னா அங்க ரெண்டாவது தடவ பாக்க மாட்டாங்க. அந்தப் பேரச் சொல்லியே நான் எத்தன வேலைய முடிச்சிருக்கேன் தெரியுமா? படுத்துட்டாரா? யாரும் சொல்லவே இல்லையே!"

சொல்லிக்கொண்டே கைப்பேசியில் எண்ணைத் தட்டிவிட்டார். நான் "வேணாங்க்கா" என்று எழுந்தேன். அதற்குள் அப்பாவின் குரல் மேசைமேல் ஒலித்தது.

"அண்ணே, ஒடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கென்னா? நல்லாத்தான் இருக்கேன். இப்பதான் மார்க்கெட்டு போயிட்டு வந்தேன்."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் மேசைமேல் கிடந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினேன். அவர் என் பொய்யைக் கிளறவில்லை, நல்ல மனுஷி. குரலைத் தணித்து, "ஒங்க மவன் காடி விசயமா வந்திருக்காரு அண்ணே. அங்க எடுத்த காயிதத்துல பேரு வேற மாதிரி இருக்கு. பின்னால ஒங்க பேரு இல்ல. நீங்க ஒரு சத்தியம் எடுக்க வேண்டியிருக்கு" என்றார்.

 மறுமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் போவது கேட்டது.

"எந்த எடத்துல, எத்தன மணிக்கு?" என்றார் அப்பா.

அன்று மாலை வீட்டுக்குள் நுழையும்போது, திட்டட்டும், கத்தட்டும், ஏன்டா என்று ஒரு வார்த்தை கேட்கட்டும் என்று தயாராகத்தான் வந்தேன். கறுப்புப் பை மேசைமேல் இருந்தது. அப்பா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, அது வந்து…"

"ஐசி ஒரிஜினல் எடுத்து வையி. பொறப்புப் பத்திரமும். நகல் மூணு மூணு போட்டுக்க."

வாடிக்கையாளரிடம் பேசும் குரல் அது. சின்ன வயதில் தொலைபேசியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், என்னிடம் பேசிக் கேட்டதில்லை.

சத்தியப் பிரமாண ஆணையரின் அலுவலகம் ஜார்ஜ்டவுனில், நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில், செங்குத்தான மரப்படி ஏறிப் போகும் மாடியறை. ஆணையர் வயதான மலாய்க்காரர். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து கைகொடுத்தார். இருவரும் முட்டி வலியைப் பற்றிக் கொஞ்ச நேரம் மலாயில் பேசினார்கள். நான் காகிதங்களைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"குடு" என்று அப்பா கைநீட்டினார். இங்கிலாந்துப் பத்திரத்தைக் கொடுத்தேன். அவர் விரல் வழக்கம்போலப் பெயருக்கு அடியில் போய் நின்றது. எழுத்தெழுத்தாக நகர்ந்தது. பெயர் முடிந்த பிறகும் விரல் நிற்கவில்லை, வெற்றுத் தாளில் இன்னும் கொஞ்ச தூரம் போயிற்று. அங்கே வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். பிறகு தலையாட்டாமல் பக்கத்தைத் திருப்பினார்.

அக்கா தட்டச்சு செய்து கொடுத்திருந்த வாசகத்தை ஆணையர் படித்தார். இந்தப் பெயருடையவரும் அந்தப் பெயருடையவரும் ஒருவரே, அவர் நான் பெற்ற மகன் என்பது சாரம். படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக அப்பாவைப் பார்த்து மலாயில் கேட்டார். உங்கள் பெயர் ஏன் இதில் விடுபட்டிருக்கிறது, காரணத்தையும் ஒரு வரி எழுதிவிட்டால் நல்லது.

அந்தக் கேள்வி எனக்குரியது. அறையில் மூன்று பேர் இருந்தோம், அதற்குப் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்கு அந்தப் பெயர் வெட்கமாக இருந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். மலாயில் அது மூன்று நான்கு வார்த்தை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கோத்தாக் தா சுக்கோப், துவான்" என்றார் அப்பா.

அங்கத்திய படிவத்தில் கட்டம் போதவில்லையாம். என் பெயர் நீளம், அதிலேயே கட்டங்கள் தீர்ந்துவிட்டனவாம். ஆணையர் சிரித்து, நம் நாட்டுப் பெயர்கள் எல்லாமே நீளம்தான் என்று தாளை நீட்டினார். அப்பா அந்த ஒரு வரியைத் தன் குண்டு எழுத்தில் எழுதினார். ஓரத்தில் கையெழுத்திட்டார். பிறகு வலது கையைத் தூக்கி, இதில் உள்ளது அத்தனையும் உண்மை என்று சத்தியம் செய்தார்.

கீழே இறங்கி, முக்கில் இருந்த சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். மணி ஒன்று. அப்பாவுக்குப் பிடித்த மீன் தலைக்கறி இருந்தது. "நீ சாப்புடு, எனக்குத் தேத்தண்ணி போதும்" என்றார். பசிக்கவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். நான் பிசைந்த சோற்றை உருட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய வலது கை மேசைக்கு அடியில் மடிமேல் இருந்தது.

காகிதம் ஒரே தடவையில் தேறியது. அனுமதி வந்தது, சுங்கம் கழிந்தது, பரிசோதனையும் முடிந்து, நம் நாட்டு எண் தகட்டோடு நீலக் கார் டத்தோ கிராமாட்டுக்கு வந்தது. நான் ஆசைப்பட்டபடியே அப்பா முன் இருக்கையில் ஏறினார். புதுப் பதிவுப் பத்திரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அடையாள அட்டையில் உள்ளபடியே அதில் என் பெயர், பின்னால் முழுசாக அவர் பெயர். அந்த விரலுக்காகக் காத்திருந்தேன்.

அவர் நேராக எஞ்சின் எண்ணுக்குப் போனார். பிறகு சேஸிஸ் எண். "சரியா இருக்கு" என்று பத்திரத்தை மடித்தார்.

"அப்பா, பேரப் பாக்கலயா? ஒங்க பேரு இருக்கு."

"அது கவர்மெண்டு போட்டதுடா" என்றார். குரலில் கோபம் இல்லை. பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, "பிரேக்க மெதுவா புடி, எனக்கு இன்னும் பழகல" என்றார்.