வூட்டுப் பேச்சில் வந்த பதில்

கல்லூரிக் கடைசி வருடத்தில் நான் போன நேர்முகத் தேர்வு ஒன்றிலும் தேறவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தாவரவியலில் நல்ல மார்க். ஆனால் ஆங்கிலத்தில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

என்னோடு போகிற கஷ்டமாக இருந்தால் தாங்கியிருப்பேன். தங்கை ஸ்டெல்லா பிளஸ் டூ முடிக்கவிருந்தாள். ஒருநாள் சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "அவனே இத்தனை படிச்சும் ஒரு வேலையும் கெடைக்காம அலையறான். இவளையும் எதுக்கு அனுப்பறது? ஓசூர்ல கம்பெனிக்குப் போவட்டும்." ஸ்டெல்லா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள்.

அன்று முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, எனக்கு இங்கிலீஷ் குடுங்க. என் தங்கச்சி படிப்பைக் காப்பாத்துங்க." தினமும் இதுதான் செபம்.

செபித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தருமபுரி வேலைவாய்ப்பு அலுவலகத்தின் இலவச வகுப்புக்குப் போனேன். எங்கள் ஊர் மாரண்டஹள்ளியிலிருந்து பஸ் ஏறினால் காதில் ஆங்கிலப் பாடம். எங்கே வேலைவாய்ப்பு முகாம் என்றாலும் வரிசையில் நின்றேன். ஆங்கிலம் வந்தபாடில்லை. கடைசியில் கோயிலில் உட்கார்ந்து சண்டையே போட்டேன்: "நான் கேக்கறது உங்க காதுல விழுதா, இல்லையா?"

அந்த வாரம் கல்லூரி வேலைவாய்ப்பு வழிகாட்டி மையத்தில் மாதிரி நேர்முகத் தேர்வு. வராந்தாவில் என் முறைக்கு நின்றபோது அம்மா போன் செய்தார். பேசிவிட்டு நிமிர்ந்தால், மையத்தைப் பார்த்துக்கொள்ளும் மேடம் எதிரே நிற்கிறார்.

"யார்கிட்டப்பா கன்னடம் பேசுன?"

"அம்மாகிட்டங்க மேடம். அவங்களுக்குக் கர்நாடகா பக்கத்து ஊருங்க."

"பயோடேட்டாவுல தெரிஞ்ச மொழின்னு தமிழ், இங்கிலீஷ் மட்டும் போட்டிருக்க?"

"கன்னடம் நான் படிக்கலீங்களே மேடம். அது வூட்டுப் பேச்சுங்க."

பக்கத்தில் நின்ற நண்பன் பிரகாஷ் விடவில்லை. "மேடம், இவன் மாட்டை ஓட்டறதே கன்னடத்துலதாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "பள்ளிக்கூடத்துல மார்க் போட்டாத்தான் தெரிஞ்சதாப்பா?"

பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததுதான் அறிவு, வீட்டில் வந்ததெல்லாம் கணக்கில் சேராது என்று நானேதான் முடிவு கட்டியிருந்தேன். யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை.

ஓசூரில் ஒரு விதைக் கம்பெனி, எல்லைக்கு இரண்டு பக்கமும் உள்ள விவசாயிகளைப் பார்க்க ஆள் தேடுவதாக மேடம் சொன்னார். போனேன். ஆங்கிலக் கேள்விக்கு வழக்கம்போலத் திணறினேன். ஆனால் இந்த முறை எழுந்து வந்துவிடவில்லை. "சார், எனக்குக் கன்னடம் நல்லா வருங்க" என்றேன்.

கேள்வி கேட்டவர்களில் ஒருவர் உடனே விவசாயியாக மாறிவிட்டார். "உங்க விதை முளைக்கவே இல்ல, என்ன பதில் சொல்ற?" என்று கன்னடத்தில் கத்தினார். எனக்கு நேர்முகத் தேர்வே மறந்துபோனது. எப்போது விதைத்தார், எத்தனை ஆழம், எப்படித் தண்ணீர் விட்டார் என்று, சந்தையில் அம்மா பேசுகிற மாதிரியே, 'அண்ணா, அண்ணா' என்று கூப்பிட்டுக் கேட்டேன். படித்த தாவரவியலும் தானாகக் கூடவே வந்தது. அவர் கோபத்தை விட்டுச் சிரித்துவிட்டார்.

வேலை கிடைத்தது. வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பாதான் எடுத்தார். நான் சொன்னதைக் கேட்டதும், "ஸ்டெல்லாவுக்கு எந்தப் படிப்பு போட்டா நல்லதுன்னு அந்த மேடத்தைக் கேட்டுச் சொல்லுடா" என்றார். ரோட்டோரத்தில் நின்று அழுதேன். நன்றி ஆண்டவரே, நன்றி.

ஸ்டெல்லா இப்போது கல்லூரியில். நான் இன்னும் ஆங்கிலம் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன், விடமாட்டேன்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளே, வழிகாட்டி மையத்துக்குள் கூச்சப்படாமல் போங்கள். உங்களுக்கு வருவது அத்தனையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆண்டவரிடம் பிடிவாதமாகக் கேளுங்கள். பதில் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.