சினை என்று நான் எழுதிக் கொடுத்த கட்டி

அறுபதுகளின் கடைசியில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்லூரியில் குதிரை மருத்துவத்தில் எனக்கு நல்ல மார்க். அதை வாங்கித் தந்த குதிரைகள் பெரும்பாலும் புத்தகப் படத்தில் இருந்தவை.

முதல் வாரமே ஜட்கா ஓட்டும் காசிம் பாய் தன் பெட்டைக் குதிரையோடு வந்துவிட்டார்.

"ஸ்டாண்டுல மத்த பொட்டக் குதிரைங்க மேல ஏறுது சார். கடிக்குது. வரிசையில நிக்காதன்றாங்க. கழுத்தப் பாரு, ஆம்பளக் குதிர மாதிரி தடிச்சிகினே வருது."

நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்ல முடியாது. சோதிக்கப்போகும் கைக்குச் சோப்பு தேய்த்துக்கொண்டிருந்தேன். பாய் அதன் மேலுதட்டில் கயிற்றைச் சுற்றி முறுக்கிப் பிடிக்க, மலக்குடல் வழியாகத் தோள்வரை கையை விட்டேன். இடப்பக்கம் தேங்காய் அளவில் ஓர் உருண்டை! எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

"சினை, பாய்."

"ஆம்பளக் குதிர கிட்டயே உட்டதில்லயே சார்!"

"நீங்க தூங்கும்போது உங்களக் கேட்டுட்டா போகும்?"

பாய் என்னை ஒரு கணம் பார்த்தார். படித்தவன் சொல்கிறான் என்று விட்டுவிட்டார். 'சினைக் குதிரை, கோபம் இயல்பே' என்று எழுதிக் கொடுத்தேன். ஸ்டாண்டில் அதற்கு வரிசையின் கடைசியில் இடம் கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் அது சக வண்டிக்காரர் முனுசாமியின் தோளைக் கடித்தது. இருவரும் குதிரையோடு வந்தார்கள்.

"இன்னா டாக்டரே," என்றார் முனுசாமி, தோளைப் பிடித்துக்கொண்டு. "எங்க ஊட்ல ஆறு பசங்க. ஆறு தபாவும் எங்க ஊட்டுக்காரி யாரையும் கடிக்கல. இத ஊசி போட்டு முடிச்சுடு."

பாய் குதிரையின் நெற்றியில் வைத்த கையை எடுக்கவில்லை.

மறுபடி கையை விட்டேன். உருண்டை பெருத்திருந்தது. இந்த முறை அதோடு நிற்காமல் கர்ப்பப்பையைத் தடவிப் பார்த்தேன், காலி. வலது ஓவரியைத் தேடினேன். கோழிமுட்டை அளவாவது இருக்க வேண்டியது, கொட்டைப்பாக்காகச் சுருங்கிக் கிடந்தது. இடது ஓவரியில் வளர்ந்த கட்டி ஆண் ஹார்மோனைச் சுரந்துகொண்டு, மற்றதை வாட வைத்திருந்தது. பாடப் புத்தகத்தில் இது ஒரு பத்தி. அந்தப் பத்தியைத்தான் பாய் முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார்.

"தப்பு என்னோடது, பாய். சினை இல்ல. ஓவரில கட்டி."

"பூடுமா சார்?"

"பட்டணத்துக்குக் கொண்டுபோய் எடுத்துட்டாப் பிழைக்கலாம். ஆபரேஷன்லயே போனாலும் போயிடும்."

பாய் சரி என்று தலையசைத்தார். முனுசாமி அவர் பக்கம் திரும்பினார். "பட்டணம் வரைக்கும் தனியா எப்டி இட்டுகினு போவ? நானும் வரேன். இந்தாண்ட தோளு நல்லாத்தான் கீது."

சென்னையில் என் பழைய ஆசிரியர் கட்டியை அறுத்தெடுத்தார். குதிரை பிழைத்தது.

அதற்குப் பிறகு கைக்கு ஏதாவது கிடைத்து எனக்கு உற்சாகம் வரும்போதெல்லாம் சந்தேகமும் சேர்ந்தே வரும். ஒன்றைக் கண்டுபிடித்ததும் தேடுவதை நிறுத்தியது அன்று நான் செய்த பிழை. குதிரையோடு நாளெல்லாம் இருப்பவர் பேசும்போது சோப்பு தேய்த்தது அதைவிடப் பெரிய பிழை.

சில மாதங்கள் கழித்துக் குதிரை ஸ்டாண்டுக்குத் திரும்பியது. நான் தள்ளி நின்று பார்த்தேன். முனுசாமி தன் பெட்டைக் குதிரையை அதற்கு நேர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். கால் மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. என் தொழிலில் அவ்வளவு விறுவிறுப்பான கால் மணி நேரத்தை நான் பார்த்ததில்லை.